மொத்த விலையா, அளவுக் கணக்கா, செலவோடு சதவீதமா? கான்ட்ராக்டர் எந்த முறையில் வேலை எடுப்பது

பழைய வீடு ஒன்றைப் புதுப்பிக்கும் வேலை அது. கீழ்த்தளத்துக் குளியலறைச் சுவரில் டைல்ஸைப் பெயர்த்தோம். டைல்ஸோடு பூச்சும் பாளம் பாளமாக வந்தது, பூச்சுக்குப் பின்னால் செங்கல் கைபட்டால் உதிர்கிறது, அதற்குள் போன தண்ணீர்க் குழாய் ஸ்க்ரூ டிரைவர் முனையால் லேசாக அழுத்தியதும் ஓட்டை விழுகிற அளவுக்குத் துருவேறிக் கிடந்தது. இரண்டு நாள் வேலை பதினோரு நாள் ஆனது. ஆட்கள் நல்ல ஆட்கள், வேலையில் குறையில்லை, நான் போட்ட ரேட்டும் குறைவில்லை. ஆனால் மொத்த விலைக்கு ஒப்புக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரரிடம் போய் நின்றபோது அவர் கோபப்படாமல், "மொத்தமா பேசித்தானே ஆரம்பிச்சோம்?" என்று கேட்டார். காகிதத்திலும் அப்படித்தான் இருந்தது.

எவ்வளவுக்கு எடுக்கலாம் என்று மண்டையை உடைத்துக்கொள்கிற நேரத்தில் பாதியையாவது எந்த முறையில் எடுக்கலாம் என்பதற்குச் செலவிட வேண்டும் என்று அன்றைக்குப் புரிந்தது. நமக்கு இருப்பது நான்கு வழி. எல்லாம் சேர்த்து ஒரே தொகை பேசுகிற மொத்த விலை. ஒவ்வொரு இனத்துக்கும் ரேட் போட்டு, செய்த வேலையை அளந்து பில் போடுகிற அளவுக் கணக்கு, ஐட்டம் ரேட் என்று சொல்வோமே, அது. ஆன செலவை அப்படியே காட்டி அதன்மேல் நம் பங்கை வாங்குகிற முறை. அப்புறம், சரக்கு அவர்களுடையது, ஆள் மட்டும் நம்முடையது என்கிற லேபர் கான்ட்ராக்ட். இதில் எது அதிக லாபம் என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. கையெழுத்துப் போடும் அன்றைக்கு அந்த வேலையைப் பற்றி உங்களுக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது, அதை வைத்துத்தான் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் நம் லாபம் எவ்வளவு மெல்லியது என்று பார்த்துவிடலாம், அது தெரிந்தால்தான் மற்றதெல்லாம் உறைக்கும். சரக்கு, கூலி, வாடகை மெஷின், துணைக் கான்ட்ராக்டர் என்று சைட்டில் ஆகிற நேரடிச் செலவு எல்லாம் சேர்த்து 100 என்று வையுங்கள். அதன்மேல் 20 வைத்து 120 என்று கொட்டேஷன் கொடுக்கிறோம், இருபது சதவீத லாபம் என்று நினைத்துக்கொள்கிறோம். 120-ல் 20 என்பது 16.67 சதவீதம்தான். வாங்கும் தொகையில் 20 சதவீதம் நிற்க வேண்டுமென்றால் 100-ஐ 0.8-ஆல் வகுக்க வேண்டும், 125 வரும். இந்த ஐந்து எங்கே போகிறது என்றே தெரியாமல் வருஷக்கணக்கில் தொழில் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சரி, அந்த இருபதாவது முழுசாக நம்முடையதா? ஆபீஸ், வண்டி, கணக்கு எழுதுகிறவர், இன்சூரன்ஸ், எஸ்டிமேட் போட்டும் கிடைக்காமல் போன வேலைகளுக்குச் செலவான நாட்கள், உங்கள் சொந்தச் சம்பளம் எல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும். அதற்கு 12 போகிறது என்றால் கையில் நிற்பது 8. கடைசி நேரத்தில் "ஒரு அஞ்சு சதவீதம் குறைச்சுக்கோங்க" என்று கேட்டு நீங்களும் தலையாட்டினால் 120-ல் 6 போய்விடும், எட்டில் ஆறு. மிச்சமிருக்கும் இரண்டுக்காக மாதக்கணக்கில் வெயிலில் நிற்கிறோம். அதேபோல, நேரடிச் செலவு நினைத்ததைவிட 8 சதவீதம் ஏறினால் லாபம் பூஜ்யம், அதற்கு மேல் ஏறுவதெல்லாம் நம் பையிலிருந்து.

மொத்த விலை வாடிக்கையாளருக்குப் பிடிக்கும். கடன் வாங்கி வேலை செய்கிறவருக்குக் கடைசித் தொகை தெரிந்தாக வேண்டும், அதில் தப்பில்லை. நமக்கும் அது நல்ல முறைதான். வேகமாக முடித்தால், சேதாரம் இல்லாமல் சரக்கைக் கையாண்டால், மிச்சம் முழுக்க நமக்கு, யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. ஒரே மாதிரி வேலையை இருபது முப்பது தடவை செய்தவருக்கு, அதாவது ஒரே பிளானில் வரிசையாக வீடுகள், கடை உள்வேலை, கூரை மாற்றுவது, பெயின்டிங் மாதிரி வேலைகளில், இதைவிட லாபமான முறை கிடையாது. ஒரே நிபந்தனை, பழைய வேலைகளின் உண்மையான செலவு கையில் இருக்க வேண்டும். எஸ்டிமேட்டில் போட்ட எண்ணைச் சொல்லவில்லை. வேலை முடிந்தபிறகு எத்தனை ஆள்நாள் ஆனது, எத்தனை மூட்டை இறங்கியது, எத்தனை மூட்டை மிஞ்சியது என்று எழுதி வைத்த எண்ணைச் சொல்கிறேன். அது இல்லாமல் மொத்த விலை சொல்வது குருட்டாம்போக்கு.

இதிலேயே இன்னொரு பொறி சதுர அடி ரேட். பார்க்க அளவுக் கணக்கு மாதிரி இருக்கும், உண்மையில் மொத்த விலையேதான். 30 அடிக்கு 30 அடி வீடு 900 சதுர அடி, அதன் வெளிச்சுவர் சுற்றளவு 120 அடி. நீளவாக்கில் ஒடுங்கிய மனையில் 60-க்கு 15 போட்டாலும் அதே 900 சதுர அடிதான், ஆனால் சுற்றளவு 150 அடி. வெளிச்சுவர், அதன் அடியில் வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டுவது, கடைக்கால், வெளிப்பூச்சு, பெயின்ட் எல்லாம் கால் பங்கு கூடிவிட்டது. உங்கள் ரேட்டோ ஒரே ரேட். சதுர அடி ரேட்டை முதல் பேச்சுக்கு, அவர் பட்ஜெட்டுக்கு ஒத்துவருமா என்று பார்ப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தை அளக்காமல் அதிலேயே கையெழுத்துப் போடாதீர்கள்.

அளவுக் கணக்கில் சுமை இரண்டாகப் பிரிகிறது. எவ்வளவு வேலை என்பது வாடிக்கையாளர் பொறுப்பு, ஒரு அலகு வேலையை எவ்வளவுக்குச் செய்து முடிக்கிறோம் என்பது நம் பொறுப்பு. வரைபடம் முழுசாகத் தயாராகாத வேலைக்கும், மண்ணுக்குக் கீழே போகிற வேலைக்கும் நியாயமான முறை இதுதான் என்று நான் நினைக்கிறேன். ஆறடியில் கெட்டி மண் வரும் என்று நினைத்துத் தோண்டினால் எட்டடியிலும் கொட்டின மண்ணாகவே வரும், அந்த இரண்டடிக்கு யார் பணம் தருவது என்ற சண்டையே இங்கே இல்லை, அளந்ததற்குப் பணம்.

சண்டை வேறு இடத்தில் வரும், அளப்பதில். தோண்டின குழியில் கான்கிரீட் போட்டபிறகு அதன் ஆழத்தை யாராலும் காட்ட முடியாது. எட்டடி இருந்தது என்று நீங்கள் சொல்வீர்கள், ஏழுதான் என்று அவர் சொல்வார், இரண்டு பேரும் மனசாரத்தான் சொல்வீர்கள். அதனால் கான்கிரீட் வண்டி வருவதற்கு முன்னால், குழிக்குள் ஒரு ஆள் டேப்பின் முனையை அடிமட்டத்தில் பிடிக்க, மேலே கயிறு கட்டிய மட்டத்தில் நீங்களும் அவர் தரப்பு ஆளும் சேர்ந்து எண்ணைப் படிக்க, ஒவ்வொரு குழிக்கும் எண் போட்டு அங்கேயே நோட்டில் எழுதி, அங்கேயே இரண்டு கையெழுத்து, டேப் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ. சாயங்காலம் ஆபீசில் போய் எழுதிக்கொள்ளலாம் என்றால் அது அளவே இல்லை. கம்பி கட்டியது, சுவருக்குள் ஓடுகிற பைப், தரைக்கு அடியில் நிரப்பின மண் என்று மூடப்போகிற எல்லாவற்றுக்கும் இதே நடைமுறைதான். அளக்கும் விதியையும் முதலிலேயே பேசிவிட வேண்டும். பூச்சு வேலையில் கதவு, ஜன்னல் இடத்தைக் கழிப்பதா, கழித்தால் அதன் பக்கவாட்டுப் பூச்சைத் தனியாக அளப்பதா என்பதெல்லாம் கடைசி பில்லின்போது பேசுகிற விஷயம் இல்லை.

அளவுக் கணக்கில் பலர் கவனிக்காத இன்னொன்று உண்டு. ஆபீஸ் செலவையும் சூப்பர்வைசர் சம்பளத்தையும் ஒவ்வொரு ரேட்டுக்குள்ளும் கரைத்து வைத்திருக்கிறோம். வேலை பாதியாகக் குறைந்தால், முன்னால் ஆபீஸ் செலவுக்கென்று போட்ட அந்தப் பன்னிரண்டில் ஆறுதான் திரும்பி வரும், சூப்பர்வைசரும் ஷெட்டும் வாடகை மிக்ஸரும் முழு நேரமும் நின்றிருப்பார்கள். இதனால்தான் பெரிய ஒப்பந்தங்களில் அளவு ஒரு எல்லைக்கு மேல் மாறினால் ரேட்டையே மறுபடி பேசலாம் என்று எழுதுகிறார்கள். சர்வதேச ஆலோசனைப் பொறியாளர்களின் கூட்டமைப்பான ஃபிடிக் வெளியிட்ட 1999-ஆம் ஆண்டு மாதிரி ஒப்பந்தமான சிவப்புப் புத்தகத்தில், ஒரு இனத்தின் அளவு 10 சதவீதத்துக்கு மேல் மாறுவது புது ரேட் கேட்பதற்கான நிபந்தனைகளில் ஒன்று. நம் சின்ன ஒப்பந்தத்தில் இதை ஒரே வரியில் எழுதிவிடலாம், யாரும் மறுத்துப் பார்த்ததில்லை.

அடுத்து, செலவோடு சதவீதம். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குமே தெரியாத வேலைக்கு, தீ விபத்தில் சேதமான கட்டடம், அவசர ரிப்பேர், வேலை நடக்க நடக்க டிசைனை மாற்றப் போகிறேன் என்று முன்கூட்டியே சொல்கிற வாடிக்கையாளர், இப்படிப்பட்ட இடங்களில் இதுதான் சரி. நஷ்டம் வராது என்று நினைத்து இதில் இறங்குகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும், இங்கே வேலையைவிடக் கணக்குதான் பெரிய வேலை. ஒவ்வொரு பில்லும், ஒவ்வொரு நாளின் ஆள் வருகையும், பத்து ஆணி வாங்கினதும் காகிதத்தில் இருக்க வேண்டும். எது செலவு என்பதையும் முன்னாலேயே எழுதியாக வேண்டும். சூப்பர்வைசர் சம்பளம் செலவில் வருமா, நம் பங்கில் வருமா? நம் சொந்த மெஷினுக்கு வாடகை உண்டா? கடைக்காரர் தருகிற தள்ளுபடி யாருக்கு? நம் ஆள் தப்பாகச் செய்து உடைத்துத் திரும்பச் செய்த வேலைக்கு யார் பணம்? கடைசிக் கேள்விக்கு என் பதில், நம் தப்பு நம் செலவு. அதை நாமே ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தால் மற்ற எல்லாவற்றிலும் அவர் நம்மை நம்புவார்.

நம் பங்கைச் சதவீதமாக வைப்பதா, நிலையான தொகையாக வைப்பதா என்பது தனிப் பிரச்சினை. சதவீதம் என்றால் செலவு ஏற ஏற நமக்கும் ஏறுகிறது, எவ்வளவு யோக்கியமாக நடந்தாலும் வாடிக்கையாளர் மனதின் ஓரத்தில் அந்த உறுத்தல் இருக்கும். நிலையான தொகை அந்த உறுத்தலை எடுத்துவிடும், எனக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் ஆறு மாதத்துக்கு என்று பேசிய தொகை, வேலை பத்து மாதம் இழுத்தாலும் அதேதான் என்றால் கடைசி நான்கு மாதச் சூப்பர்வைசர் சம்பளம் லாபத்தைத் தின்றுவிடும். அவர் பக்கத் தாமதத்தால் நீண்டால் மாதத்துக்கு இவ்வளவு கூடுதல் என்று அதிலேயே எழுதுங்கள். இன்னொரு வகை வலை, "செலவு எவ்வளவோ அவ்வளவு வாங்கிக்கோங்க, ஆனா இந்தத் தொகைக்கு மேல போகக் கூடாது" என்பது. மிச்சமானால் அவருக்கு, மீறினால் நமக்கு, கணக்கும் முழுக்கக் காட்ட வேண்டும். மொத்த விலை, செலவோடு சதவீதம் இரண்டிலும் உள்ள கஷ்டம் மட்டும் நம் பக்கம். மிச்சத்தில் ஒரு பங்கு நமக்கும் உண்டு என்று இருந்தால் ஒப்புக்கொள்ளலாம், இல்லாவிட்டால் அந்த உச்சத் தொகையை மொத்த விலைக்குப் போடுகிற அதே ஜாக்கிரதையோடு போட வேண்டும்.

லேபர் கான்ட்ராக்ட் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கையில் முதல் இல்லாமல் ஆரம்பிக்கிறவருக்கு நல்ல வழி, சரக்கு விலை ஏறினால் நமக்குக் கவலை இல்லை. சரக்கு வராமல் ஆட்கள் சும்மா உட்கார்ந்த நாளுக்கு யார் கூலி தருவது என்பதை மட்டும் பேசாமல் ஆரம்பிக்காதீர்கள். பத்துப் பேர் ஒரு நாள் சும்மா இருந்தால் அந்த வாரத்து லாபம் அதோடு சரி. தொழில் வளர்ந்த பிறகு இதிலேயே நிற்பது கஷ்டம், சதவீதம் நன்றாக இருந்தாலும் அது கணக்கிடப்படுகிற தொகை சின்னது.

இந்த முறைகளை வேலையின் தன்மைக்கு ஏற்பப் பிரித்து வைப்பது பெரிய ஒப்பந்த உலகில் பழைய பழக்கம். ஃபிடிக் 1999-ல் வெளியிட்டவற்றில் சிவப்புப் புத்தகம் உரிமையாளர் தரப்பு வரைபடம் கொடுத்து அளந்து பணம் தருகிற வேலைக்கு, மஞ்சள் புத்தகம் கான்ட்ராக்டரே வடிவமைத்து மொத்த விலைக்குச் செய்கிற வேலைக்கு, வெள்ளிப் புத்தகம் சாவியைக் கையில் கொடுக்கிற வரை கிட்டத்தட்ட எல்லாச் சுமையும் கான்ட்ராக்டர் தலையில் விழுகிற வேலைக்கு. அந்த வெள்ளிப் புத்தகத்தின் முன்குறிப்பே, ஏலம் கேட்கிறவர்களுக்கு ஆராய்ந்து பார்க்க நேரமோ தகவலோ போதாத வேலைக்கும், நிலத்தடி வேலையும் பார்க்க முடியாத இடத்து வேலையும் அதிகமாக உள்ள திட்டத்துக்கும் இது பொருந்தாது என்று சொல்கிறது. எல்லாச் சுமையையும் நம்மேல் வைப்பதற்கென்றே எழுதின ஒப்பந்தம், பார்க்க முடியாததற்கு விலை சொல்லச் சொல்லாதே என்கிறது. அப்படிப்பட்ட விலையை நாம் ஒரு குளியலறைக்குச் சொல்லிவிட்டு வந்து நிற்கிறோம்.

அதனால் இப்போது நான் ஒரே வேலைக்குள் முறைகளைக் கலக்கிறேன். மண்ணுக்குக் கீழே உள்ளது அளவுக் கணக்கு. தரைமட்டத்துக்கு மேல் வரைபடத்தில் தெளிவாக இருப்பது மொத்த விலை. பழைய சுவருக்குள்ளும் பழைய தளத்துக்குள்ளும் இருப்பது ஆள்நாள் ரேட்டும் சரக்குச் செலவும், அதன்மேல் என் சதவீதம். டைல்ஸ், குழாய் வகைகள் மாதிரி அவர் இன்னும் தேர்ந்தெடுக்காதவற்றுக்கு ஒரு தொகை ஒதுக்கி, கூடினால் கூட்டி, குறைந்தால் குறைத்துக்கொள்வது. கொட்டேஷன் ஒரு பக்கத்திலிருந்து மூன்று பக்கமானது. சிலர் படித்துவிட்டுப் போய்விட்டார்கள், மொத்தமாகச் சொல்கிற வேறு ஆளிடம் கொடுத்தார்கள். அது வலித்தது, இப்போதும் வலிக்கிறது. ஆனால் எடுத்த வேலைகளில் சண்டை குறைந்துவிட்டது.

தொழிலைப் பெருக்க நினைக்கும்போது இந்தத் தேர்வு இன்னும் கூர்மையாகும். ஒரே சைட் இருந்தால் எந்த முறையையும் நீங்களே நின்று இழுத்துக்கொண்டு போய்விடலாம். மூன்றாவது சைட் வந்ததும், நீங்கள் இல்லாத இடத்தில் உங்கள் லாபத்தை யார் காக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. மொத்த விலை வேலையைக் காப்பது வேகமும் சேதாரமும் தெரிந்த மேஸ்திரி. அளவுக் கணக்கைக் காப்பது நோட்டுப் புத்தகத்தோடு அலைகிற, கையெழுத்து வாங்காமல் கான்கிரீட் போட விடாத சூப்பர்வைசர். செலவோடு சதவீதத்தைக் காப்பது அன்றன்றைக்கே பில்களைச் சேர்க்கிற கணக்காளர். உங்களிடம் இதில் எந்த ஆள் இருக்கிறாரோ அந்த முறையில் பெருக்குங்கள். கணக்காளரே இல்லாமல் செலவோடு சதவீதத்தில் மூன்று சைட் எடுத்தவர், செலவழித்ததை நிரூபிக்க முடியாமல் கைப்பணத்தை விட்டுவிட்டு வந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

கையிருப்பும் முறைக்கு முறை மாறும். கூலி வாரம் தோறும் போகிறது, பில் மாதம் ஒரு தடவை, பில் கொடுத்து முப்பது நாளில் பணம் என்றால், மாத முதல் வாரத்தில் கொடுத்த கூலி திரும்பி வர ஏறக்குறைய இரண்டு மாதம். வேலை இரட்டிப்பானால் இந்த முடக்கமும் இரட்டிப்பு. லாபக் கணக்கில் நன்றாக இருக்கிற கம்பெனி சம்பளம் போட முடியாமல் நிற்பது இப்படித்தான். மொத்த விலையில் தவணைகளை நாமே அமைக்கலாம், தளம் போட்ட பிறகு என்று எழுதாமல் தளத்துக்கு முன்னால் என்று எழுதினால் போதும், கம்பிக்கும் கான்கிரீட்டுக்கும் அவர் பணம் ஓடும். அளவுக் கணக்கில் அந்த வசதி இல்லை, அட்வான்ஸ் வாங்கிக் கழித்துக்கொள்வதுதான் வழி. அப்புறம் பிடித்தம். 5 முதல் 10 சதவீதம் வரை பிடித்து வைத்து, பாதியை வேலை முடிந்ததும் மீதியைக் குறை நீக்கும் காலம் முடிந்ததும் தருவது பொதுவான வழக்கம். முன்னால் போட்ட கணக்கையே எடுங்கள், 120-ல் 5 சதவீதம் 6. நம் எட்டில் ஆறு அவரிடம் இருக்கிறது. அந்த ஆறு எந்தத் தேதியில் வரும் என்று எழுதாத ஒப்பந்தத்தில் நான் இப்போது கையெழுத்துப் போடுவதில்லை.

அதே வீட்டுக்காரர் இரண்டு வருஷம் கழித்து மாடிக் குளியலறைக்குக் கூப்பிட்டார். இந்தத் தடவை விலை கேட்டபோது, ஒரு நாள் கூலி மட்டும் கொடுங்கள், குழாய் போகிற பாதையில் இரண்டு வரிசை டைல்ஸைப் பெயர்த்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். அவரும் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே பெயர்த்தோம். பூச்சு கெட்டியாக இருந்தது, செங்கல் காய்ந்திருந்தது, குழாய் மட்டும் மாற்ற வேண்டும். அன்று சாயங்காலமே மொத்த விலை எழுதிக் கொடுத்தேன், ஒன்பது நாளில் முடித்தோம்.